மஞ்சள் தாள் இல்லை

புதிதாக வந்த கம்ப்யூட்டர்காரன் கட்டளை ஒன்றைத் தட்டினான். பிரிண்டருக்குப் போகவேண்டிய வேலைகளெல்லாம் திரையில் வரிசைகட்டி நின்றன.

“பெரியவரே, இது மட்டும் நாலு மாசமா நிக்குது. மஞ்சள் தாள் கேக்குது. தாள் வச்சா அச்சாகி வரிசையை விட்டுப் போயிடும்.”

“ஸ்டோர்ல மஞ்சள் தாள் இல்ல,” என்றார் ஸ்டோர் கீப்பர் வெடுக்கென்று. “உன் பெட்டி கேட்டதுக்கெல்லாம் நான் எங்க போறது?”

“அப்ப அழிச்சிடறேன். இதை அனுப்பினவங்க பேர்ல இங்க யாருமே இல்லையே.”

கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒருத்தி இருந்தா. நீ உக்காந்திருக்கிற நாற்காலிலதான். காலைல இதை அனுப்பினா. அன்னிக்குச் சாயங்காலமே ரோட்ல லாரி அடிச்சிடுச்சு.”

“உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“என் பொண்ணுடா.”

அவன் விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான்.

“வருகைப் பதிவேட்டுல அவ பேரை அடிச்சுட்டாங்க. சம்பளப் பட்டியல்லயும் எடுத்துட்டாங்க. இங்க மட்டும்தான் இன்னும் நிக்கறா.”

“மன்னிச்சிடுங்க ஐயா. தாள் வர்ற வரைக்கும் இருக்கட்டும். எப்ப வரும்?”

“இப்போதைக்கு வராது.”

கிழவர் ஸ்டோருக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு பீரோவைத் திறந்தார். பிரிக்காத மஞ்சள் தாள் கட்டுகள் ஆறும் பத்திரமாக இருந்தன. மறுபடி பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டார்.