வலது கால்

பெரிய வியாழன் பூசையில் இயேசுவின் சீடர்களாகப் பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் ஒருவராக, கோயில் பங்குப்பேரவையில் பல வருடம் மோதித்தான் தொபியாஸ் இடம்பிடித்தார். வீட்டிலேயே காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, புது ஷூவுக்குள் திணித்துக்கொண்டு வந்தார். வீடியோ எடுக்க மைத்துனனை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். இப்போது ஃபாதர் தண்ணீரோடு எதிரே மண்டியிட்டிருக்கிறார். வலது ஷூ கழலவில்லை.

ஃபாதர் இழுத்தார். நாற்காலியும் சேர்ந்து நகர்ந்தது. பாடகர் குழு வேறு வழியில்லாமல் மறுபடியும் பல்லவிக்குப் போனது.

“அண்ணாச்சி, தேங்காயெண்ணெய் கொண்டாரச் சொல்லவா?” என்று கேட்டார் பக்கத்துச் சீடரான மீன் வியாபாரி.

“விட்ருங்க ஃபாதர், அடுத்தவருக்குப் போங்க,” என்று கெஞ்சினார் தொபியாஸ்.

“ஒங்களை விட்டுட்டு எங்க போக?” என்று ஃபாதர் மூச்சைப் பிடித்து இழுத்தார்.

ஷூ சாக்ஸோடு கழன்றது. சாக்ஸ் சாயம் இறங்கி நீலமாகியிருந்த கால், புழுங்கி நாறியது. தொபியாஸ் காலைப் பின்னுக்கு இழுத்தார். ஃபாதரின் பிடி ஷூவைவிட இறுக்கம்.

“வேண்டாம் ஃபாதர், நாறுது.”

“தெரியும்,” என்ற ஃபாதர், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார்.

மைத்துனன் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருந்தான். தொபியாஸ் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.