அக்காவுக்கு அழைப்பில்லை

ஹிட்லர் காலத்தில் யூதர்களை வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றியவர்களைப் பற்றி இரத்தினவேல் பேசி முடித்தபோது, கனடாவின் ஸ்காபரோ மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் மனைவி ஜெயமலர் மட்டும் கைதட்டவில்லை. டோர்செட் பார்க் வீட்டுக்குத் திரும்பியதும் அவளிடம் கேட்டார்.

"என்னப்பா, பேச்சுப் பிடிக்கேல்லையோ?"

"மகளின்ர கலியாணத்துக்கு உங்கட அக்காவைக் கூப்பிடுவம்."

அவர் முகம் இறுகியது. "அந்தப் பேரை இந்த வீட்டிலை எடுக்கக் கூடாது. குடும்பத்தின்ர மானத்தை வித்தவள். அவளாலை நான் ஊருக்குள்ளை தலை நிமிந்து நடக்கேலாமல் போச்சு."

இத்தனை வருடம் அடக்கி வைத்த கோபத்தை ஜெயமலர் இனியும் அடக்கவில்லை.

"ஏன், ஆரோடையும் ஓடிப் போனவவோ? களவெடுத்தவவோ?"

"உனக்குத் தெரியும்தானே!"

"ஓம், தெரியும். தொண்ணூறிலை எங்கட இயக்கம் முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டு உடுத்த உடுப்போடை துரத்தேக்கை, பிள்ளைப்பேற்று நோவோடை கிடந்த பக்கத்து வீட்டுப் பொம்பிளையைத் தன்ர அறைக்குள்ளை ஒளிச்சு வைச்சவ. அதுக்கு அவ வாங்கின அடி கொஞ்சமில்லை. ஊர் துரோகி எண்டு சொல்லிச்சுது. நீங்களும் சேர்ந்து சொன்னியள்!"

இரத்தினவேல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யூதரை ஒளிச்ச வெள்ளைக்காரிக்காக மைக்கைப் பிடிச்சு அழுறியள். கூடப் பிறந்தவ இதே ஊரிலை, மோர்னிங்சைட்டிலை தனியக் கிடக்கிறா."

ஜெயமலர் கார்ச் சாவியை எடுத்தாள்.

"அவவைக் கூட்டிக்கொண்டு வாறன். கதவைத் திறக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம்."