கடைசிச் சாவி
கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மேலாளரும் பொறியாளரும் நிற்கிறார்கள், வெளியே காவலாளி. கிளவுடில், அதாவது இணையத்தின் வழி இயங்கும் தொலைதூரக் கணினிகளில், உள்ள நெட்வொர்க் இணைப்பு மையங்களை இனி மனிதக் கை படாமல் மென்பொருளே நிர்வகிக்கும் என்று மேலாளர் காலையில்தான் அரைமணி நேரம் முழங்கினார். பொறியாளர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இல்லாத மையத்தை அந்த மென்பொருள் அழித்துவிடும். இந்தக் கதவை இயக்கும் மையத்தைப் பட்டியலில் சேர்க்கப் பொறியாளர் மறந்துவிட்டார், அதுவும் அழிந்துவிட்டது; பட்டியலைத் திருத்த உள்ளே நுழையும் வழியும் அந்த மையம்தான். அட்டையை வைத்தால் கதவு 'டிங்' என்று மரியாதையாக மறுக்கிறது. கதவருகே உள்ள திரையில் 'எல்லாம் ஒழுங்கு' என்று பச்சை எழுத்து மினுங்குகிறது. "சார், பொண்ணு ஸ்கூல் வாசல்ல தனியா நிக்கிறா" என்கிறார் பொறியாளர், மூன்றாவது முறையாக. காவலாளி வெளியே தன் பக்கத்துச் சுவரைக் காட்டுகிறார். இனித் தேவைப்படாது என்று மேலாளர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய இந்தக் கதவின் பழைய சாவி, சாயங்கால வெயிலில் பளபளக்கிறது. "உடைச்சு எடுத்துரட்டுமா சார்?" மேலாளர் டையைத் தளர்த்துகிறார். "இருப்பா, அந்தக் கண்ணாடில என் கையெழுத்து இருக்கு."