எலுமிச்சம்பழத்துக்குக் கட்டம் இல்லை

அமெரிக்காவில், மில்பிடாஸில் எங்கள் கம்பெனி வேன்களின் டயர் சோதனையைப் பதிவு செய்ய நான் எழுதிய சாஃப்ட்வேர் இன்றுதான் ஓடத் தொடங்கியது. முதல் வேனுக்கே சிவப்பு காட்டியது.

"அண்ணா, நாலு டயருக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம்," என்றான் மெக்கானிக் சேனாபதி. "போட்டோவைப் பார்த்துட்டு ஆப் வண்டியை விடமாட்டேங்குது."

"தூக்கி எறிஞ்சுட்டு வேற போட்டோ எடு."

"முதல் போட்டோவை மாத்த முடியாதுன்னு நீங்கதானே லாக் பண்ணீங்க? ஆணி, கல்லு, கண்ணாடிக்கெல்லாம் கட்டம் இருக்கு. பழத்துக்கு இல்ல."

"'மற்றவை'ன்னு போடு."

"போட்டேன். யார் வச்சதுன்னு கேக்குது. பேர் இல்லாம சேவ் ஆகாது. ரிப்போர்ட் நேரா ஓனருக்குப் போயிடும்."

அதையும் நான்தான் கட்டாயமாக்கியிருந்தேன். எவனும் தப்பிக்கக் கூடாதாம்.

"ஏர்போர்ட் ட்ரிப்புக்கு லேட் ஆகுதுண்ணா. எந்தப் பட்டிக்காட்டான் வேலையோ! யார் பேரைப் போட?"

நாமக்கல் டயர் கடையில் கை கறுக்க வேலை செய்து, 'பழம் வைத்தால் ஆணி ஏறாதா?' என்று வருகிறவர்களையெல்லாம் கிண்டலடித்து வளர்ந்தவன் நான்.

டேப்லெட்டை வாங்கி என் பெயரை அடித்தேன்.

காரணம் கேட்டது.

'சாஃப்ட்வேருக்கு இன்று முதல் நாள்' என்று எழுதினேன்.