தவறவிட்ட தேர்வு

"மூணு தடவையும் தற்செயல்னு நான் நம்பணுமா சார்?" என்று கேட்டார் ஆலோசகர்.

லிஃப்ட் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சத்தியமா மேடம். முதல்ல ஹால் டிக்கெட்டை மறந்துட்டேன். அடுத்த வருஷம் தேதியை மாத்தி நினைச்சுட்டேன். இந்தத் தடவை தூங்கிட்டேன்."

ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிற மனுஷன், தான் மட்டும் சூப்பர்வைசராக ஏற மாட்டேன் என்கிறார்! தவறவிட்டவர்களுக்கு வருகிற ஞாயிறு மறுதேர்வு. அதுவும் போனால் அவ்வளவுதான்.

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"வாய்க்கு வந்தபடி திட்டினா மேடம். 'பொறுப்பில்லாத ஜென்மம்'னா. நாலு நாளா முகம் கொடுத்துப் பேசல."

ஆலோசகர் இருமினார். "கோவத்துல சொல்லியிருப்பாங்க."

"இருக்கும். தங்கமானவதான்."

"ஒரு போல்ட்டை மூணு தடவை முறுக்கிப் பாக்கற ஆளு நீங்க. உங்களுக்கு மறதியா? உங்க மனசு எதுக்கோ பயப்படுது. கண்ணை மூடிக்குங்க. பாஸாயிட்டீங்க. அப்புறம்?"

"சம்பளம் ஏறும். வேற ஊருக்கு மாத்தல் வரும்."

"வந்தா?"

 மெக்கானிக்கின் மூடிய கண்ணோரம் ஈரம் கசிந்தது.

"அவளும் மூட்டை கட்டிடுவா மேடம். மறுபேச்சு பேச மாட்டா. என் மாத்தலுக்காக ஏற்கெனவே ரெண்டு வேலையை விட்டவ. இப்பதான் தனக்குன்னு ஒரு படிப்பு படிக்கிறா. படிக்கறப்ப அவ முகத்தைப் பாக்கணுமே! அதைப் போய் நான் எப்படிக் கெடுப்பேன்?" சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். "அட, இதுக்காகவா நான் இப்படிப் பண்ணினேன்? எனக்கே இப்பதான் தெரியுது மேடம்!"

எழுதிக்கொண்டிருந்த ஆலோசகரின் பேனா நின்றது.

"இதை... உங்க மனைவிகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். "அதான் இப்ப சொல்லிட்டேனே!"

ஆலோசகர் படிப்பின் பயிற்சிக்கு ஆள் கிடைக்காமல், அந்தக் கோபத்திலும் புருஷனையே எதிரில் உட்காரவைத்து, 'இந்த ஒரு மணி நேரம் நீங்க சார், நான் மேடம்' என்று கண்டிஷன் போட்டிருந்த புது ஆலோசகர், நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, அந்த ஊர்க்காரங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு கிடையாதா என்ன? அங்க வந்தும் நான் ஆலோசனை சொல்லிக்கறேன். ஒழுங்கா போய்ப் பரீட்சை எழுதுங்க!"