சுற்றி வரும் விமானம்

“அக்கா எவ்வளவு நேரத்துல வந்து சேருவா மேடம்?” கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதையே கேட்டான் அந்த ஆள்.

டிக்கெட் ஏஜென்சிக்காரிக்கு மனசு இளகிவிட்டது. அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியில், மெஷின் வைத்துத்தான் மூச்சு. அக்கா கடல் தாண்டி யார் வீட்டிலோ சமையல் வேலை. அவள் அனுப்பிய காசில்தான் இங்கே வீடே எழும்பியிருக்கிறதாம்.

“நேரா வர்ற பிளைட்ல ஏழே மணி நேரம். சாயந்திரம் ஏறினா விடியறதுக்குள்ள அம்மா பக்கத்துல இருப்பாங்க. கடைசி சீட்டு, போட்டுடட்டுமா?”

அவன் நகத்தைக் கடித்தான். “வேற எதுவும் இல்லையா?”

“இருக்கு. அதுவும் சாயந்திரம்தான் கிளம்புது. ஆனா எங்கேயோ சுத்திட்டுப் போய் நடு வழியில ஒரு ஊர்ல இறக்கி உக்கார வெச்சிடுவான். தூரமும் ஒண்ணரை மடங்கு, வந்து சேர நாளைக்கு ராத்திரி ஆயிடும். அது எதுக்குங்க உங்களுக்கு?”

“அவகிட்ட இருக்கறது பட்டன் போன். அந்த ஊர்ல வேலை செய்யுமா?”

“செய்யாது.” தெரியாத ஊரில் அக்கா தனியாகத் தவிப்பாளே என்று கவலைப்படுகிறான், பாவம்.

“அதையே போடுங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. பெற்ற தாய் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது காசா பார்ப்பான் ஒருத்தன்? “விலையைப் பார்க்காதீங்க. சாவுப் படுக்கைக்கு ஓடறவங்ககிட்ட நான் கமிஷன் வாங்கறதே இல்ல. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது.”

“வேணாம் மேடம். அதையே போடுங்க.”

யார் தலையெழுத்தோ என்று போட்டாள்.

அவன் அக்காவைக் கூப்பிட்டான். “நேரா வர்றதுல சீட்டே இல்லக்கா” என்று கூசாமல் சொன்னான். அக்காவின் அழுகை மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

“எப்படியாவது வந்து சேர்ந்துடறேன்டா. நம்ம வீட்டை வித்தாவது அம்மாவைக் காப்பாத்திடலாம். அதுவரைக்கும் டாக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டிடாதே!”

“சரிக்கா. நீ அழாம வா.”

அவன் குரலும் உடைந்துவிட்டது. அந்தக் கொஞ்சக் காசும் கையில் இல்லாதவன், அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு பொய் சொல்லிவிட்டான். அவனைப் போய்க் கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிட்டோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. பிரிண்டரில் வந்த டிக்கெட்டை எழுந்து நின்று அவன் கையில் கொடுத்தாள்.

கும்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனவன், செருப்பை மாட்டிக்கொண்டே போனைக் காதில் வைத்தான்.

“டாக்டர், அக்கா சாயந்திரம் பிளைட் ஏறிடுவா. ஏறினதும் சொல்றேன், அம்மா மெஷினை எடுத்துடுங்க.”