கட்டைவிரலுக்கு ஓயாத வேலை

மேனேஜர் ஒருத்தரின் போனுக்குள் ஓர் அழுமூஞ்சி பொம்மை சும்மாவே உட்கார்ந்திருந்தது. லீவு கேட்டாலும் சரி, பில் அனுப்பினாலும் சரி, அவர் உயர்த்திய கட்டைவிரலைத்தான் அனுப்புவார்.

ஒருநாள் ஊழியர் முகிலனிடமிருந்து செய்தி வந்தது: "அப்பா தவறிட்டார் சார்."

இன்றைக்காவது தன்னைக் கூப்பிடுவார் என்று அழுமூஞ்சி கண்ணீரும் கம்பலையுமாக முன்னால் வந்து நின்றது. மேனேஜரோ பழக்கதோஷத்தில் கட்டைவிரலையே தட்டிவிட்டார்.

போய்த் திரும்பிய கட்டைவிரலிடம், "உன்னைப் பார்த்துட்டு அந்தப் பையன் திட்டலையா?" என்று அழுமூஞ்சி கேட்டது.

"திட்டுறதாவது! அங்கேயும் உன்னை மாதிரி ஒண்ணு வாசல்வரைக்கும் வந்துச்சு. அதை உள்ளே தள்ளிட்டு, கும்பிடுற கையை அனுப்பியிருக்கான்."

சொல்லி வாய் மூடவில்லை, கும்பிடு வந்து சேர்ந்தது. மேனேஜர் அதற்கும் கட்டைவிரலை அனுப்பினார்.